அப்பாவின் குறட்டையும் என் பதினொன்றும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோவில்பட்டியிலிருந்து அண்ணன் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ராத்திரி தூங்கும்போது உனக்கு மூச்சு நிக்குதாம்ல? ஒன் வீட்டுக்காரி மதினிகிட்ட சொல்லியிருக்கா. லேசானதுதான்னு டாக்டர் சொன்னாராம். லேசுன்னா மருந்து வேணுமா வேண்டாமா? ஒத்த வார்த்தையில சொல்லு."

ஒத்த வார்த்தையில் சொல்ல முடியவில்லை. "அண்ணே, அது பெரிய கதை, எழுதி அனுப்புறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அந்தப் பெரிய கதைதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக லோன் பேப்பர் புரட்டுகிறவன். ஒரு விஷயம் எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று பழைய ஃபைலைத் தோண்டிப் பார்ப்பது தொழில் புத்தி. அதைத்தான் இதிலும் செய்திருக்கிறேன். வைத்தியம் எல்லாம் உங்கள் டாக்டரிடம்.

நான் இருப்பது புனேயில் விஷ்ராந்த்வாடி. மராத்தியில் விஷ்ராந்தி என்றால் ஓய்வு. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வர் பால்கி புனேக்குள் வருகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். வருடத்தில் ஒரு நாள் தாள சத்தத்தோடு லட்சக்கணக்கில் ஜனங்கள் நடந்து போவார்கள். மீதி நாளெல்லாம் லோஹேகாவ் விமானங்களின் இரைச்சல். ஓய்வுக்குப் பெயர் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு தூக்கத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

ஆரம்பித்தது சாதாரணமாகத்தான். நாற்பது தாண்டிய ஆபீசர்களுக்கு வருடாந்திர செக்கப். பி.பி. 142/92. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "கோர்தா கா?" என்றார். மராத்தியில் கோர்ணே என்றால் குறட்டை விடுவது. எனக்கு நம்ம ஊர் 'கோரம்' ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கூட வந்திருந்த தங்கமணி சிரிக்கவில்லை. போனை எடுத்து, முந்தின வாரம் எனக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்திருந்த குறட்டையைப் போட்டுக் காட்டினாள். கர்ர்... கர்ர்... அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெரிய திணறல். மறுபடி கர்ர்.

ஒரு ராத்திரி விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே படுத்தேன். ரிசல்ட் வந்தது: ஏ.ஹெச்.ஐ. 11. அதாவது மணிக்கு சராசரியாகப் பதினோரு தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நொடி, மூச்சு நின்றிருக்கிறது அல்லது வெகுவாகக் குறைந்திருக்கிறது. 5-க்குக் கீழே நார்மல், 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்குப் பழக்கப்பட்ட சமாசாரம்தான். பேங்கில் தவணை தவறின கணக்கை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்து எஸ்.எம்.ஏ. ஜீரோ, ஒன்று, இரண்டு என்று பெயர் வைப்போம். நான் எஸ்.எம்.ஏ. ஜீரோ. இன்னும் என்.பி.ஏ. ஆகவில்லை :-)

சிரிப்பு அன்று ராத்திரி வரைதான். படுத்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் ஐந்தாவது நிமிடம் குறட்டை. மூன்று வீடு தள்ளிக் கேட்கும். தெருவில் யாருக்கும் அது குறையாகப் படவில்லை. "மனசுல கள்ளம் இல்லாதவனுக்குத்தான் படுத்ததும் தூக்கம் வரும்" என்பாள் ஆச்சி. ஆனால் பகலில் அவர் பேப்பர் படிக்கும்போதே தலை சாயும், பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விடுவார். அதையும் வீட்டில் ஜோக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2009-ல், 62 வயதில், விடிவதற்கு முன் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். "புண்ணியவான், படுத்தபடியே போயிட்டார்" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

அவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்ததா என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி வந்துவிட்டது, போகமாட்டேன் என்கிறது.

குறட்டையைச் சிரிப்பாகப் பார்ப்பது நம் வீட்டில் மட்டும் இல்லை. வால்மீகி ராமாயணத்தில் கும்பகர்ணனை எழுப்பப் போன அரக்கர்களை அவன் விட்ட மூச்சே தள்ளிவிடும். கிரேக்கர்களிடம் ஒரு கதை உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஹெராக்லியாவை ஆண்ட டயோனிஷியஸ் மகா குண்டு. மூச்சு அடைத்துவிடும் என்று பயந்து, அவன் தூங்கிப்போனால் விலாவில் நீளமான மெல்லிய ஊசியைக் குத்தி எழுப்பச் சொன்னார்களாம் வைத்தியர்கள். நமக்குத் தெரிந்தவரை இந்த நோய்க்கு எழுதப்பட்ட மிகப் பழைய சிகிச்சைகளில் இது ஒன்று. இப்போது யோசித்துப் பார்த்தால் வைத்தியர்கள் முட்டாள்கள் இல்லை. தூக்கத்துக்கும் மூச்சுக்கும் முடிச்சு இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான். நின்றபடியே தூங்குவான், கதவைத் தட்டிக்கொண்டே தூங்குவான். நூறு வருடத்துக்கு மேல் வாசகர்கள் சிரித்தார்கள். 1956-ல் அமெரிக்காவில் பர்வெல் என்ற டாக்டரும் சகாக்களும் ஒரு கட்டுரை போட்டார்கள். அவர்களிடம் வந்த நோயாளி ஒரு கம்பெனி அதிகாரி, நல்ல கனம். சீட்டாட்டத்தில் கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா வந்த நேரத்தில் தூங்கிப்போய் ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். வேறு எதற்கும் கவலைப்படாத மனுஷன் அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்! நோய்க்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் காரணத்தைத் தப்பாகப் பிடித்தார்கள். உடம்புப் பருமனால் மூச்சு குறைந்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, அதனால் பகலில் தூக்கம் வருகிறது என்று நினைத்தார்கள். ராத்திரி தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கவில்லை.

அதைப் பார்த்தது 1965-ல். பிரான்ஸில் மார்செய் நகரத்தில் கஸ்தோ குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ என்ற இருவரும் தனித்தனியாக. பார்த்தால், மூச்சு விட மார்பு பாடுபடுகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. தொண்டை மூடிக்கொள்கிறது. மூக்குக்கும் குரல்வளைக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குழாய்க்கு எலும்புச் சட்டம் கிடையாது, தசைதான் தாங்கிப் பிடிக்கிறது. தூங்கினால் தசை தளரும். சிலருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி ஒரு நொடி விழிக்கும், தொண்டை திறக்கும், பெரிய திணறலோடு காற்று போகும். தூங்குகிறவனுக்கு இது எதுவும் காலையில் ஞாபகம் இருக்காது.

தொண்டைதான் அடைப்பு என்றால் தொண்டையைத் தாண்டிப் போய்விட வேண்டியதுதானே? 1969-ல் கூலோ அதைத்தான் செய்தார். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாயில் குழல் செருகினார். டிரக்கியாஸ்டமி. ஆளுக்குத் தூக்கம் திரும்பியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் இந்த நோய்க்கு நம்பத்தகுந்த ஒரே வைத்தியம் கழுத்து ஓட்டைதான்.

இதயம் கதைக்குள் வருவது இங்கேதான். இத்தாலியில் போலோஞா நகரத்தில் எலியோ லுகரேசி குழு, தூங்குகிற நோயாளியின் ரத்தக்குழாய்க்குள்ளேயே குழல் விட்டு ராத்திரி முழுக்க ரத்த அழுத்தத்தைப் பதிவு செய்தது. சாதாரணமாக ராத்திரி பி.பி. பத்து சதவீதம், அதற்கு மேலும் இறங்க வேண்டும். இதயத்துக்கு அதுதான் விஷ்ராந்தி. இவர்களுக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு மூச்சடைப்பின் முடிவிலும் குத்துக்குத்தாக ஏறியது. மூடின கதவை மார்பு உள்ளிருந்து இழுக்கிறது, ஆக்சிஜன் குறைகிறது, ஆபத்து நேரத்தில் சுரக்கிற ரசாயனமெல்லாம் ரத்தத்தில் கொட்டுகிறது. படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு உடம்புக்குள் புலி துரத்துகிற நிலைமை, மணிக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. பிற்பாடு லுகரேசி சான் மரினோ என்ற குட்டி நாட்டில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குறட்டை பற்றி விசாரித்து 1980-ல் வெளியிட்டார். குறட்டைக்காரர்களுக்கு ரத்தக்கொதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் கில்லெமினோ என்ற பிரெஞ்சுக்காரர் இதே வேலையைத் தொடர்ந்தார். கழுத்தில் குழல் போட்ட பிறகு ராத்திரி இதயத்துடிப்புக் கோளாறுகள் மறைவதை அந்தக் குழு பார்த்தது. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 30 தடவை மூச்சு நின்றால் நோய் என்று 1976-ல் அவர்கள் ஒரு கோடு போட்டார்கள். மணிக்கு நாலு, ஐந்து வருகிறதா? என் ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த 5-ன் பூர்வீகம் அதுதான். லேசு, நடுத்தரம், கடுமை என்ற பிரிவு 1999-ல் ஒரு அமெரிக்கக் கமிட்டி உட்கார்ந்து வகுத்தது. கமிட்டி போட்ட கோடு என்றதும் எனக்கு மரியாதையும் வந்தது, சந்தேகமும் வந்தது. 14 வாங்கினவனுக்கும் 16 வாங்கினவனுக்கும் உடம்பு அப்படியா மாறிவிடும்?

இனி சிட்னி. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

1980. கோலின் சல்லிவன் என்ற டாக்டர் நாய்களின் தூக்க மூச்சை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். நாயின் மூக்கில் மாட்ட முகமூடி செய்து பழக்கம். அவரிடம் கடுமையான நோயோடு ஒருவர் வந்தார். கழுத்து ஓட்டைதான் வழி என்று சொல்லியாகிவிட்டது, அவருக்கோ அதில் இஷ்டமில்லை. வேறு ஏதாவது இருந்தால் செய்து பாருங்கள் என்றார். சல்லிவன் யோசனை எளிமையானது. உறிஞ்சினால் ஒட்டிக்கொள்கிற குழாயை உள்ளிருந்து காற்றால் ஊதிப் பிடித்தால் என்ன? வாக்குவம் கிளீனர் மாதிரியான ஒரு ஊதுமோட்டார், குழாய், மூக்கின் அச்செடுத்துச் செய்த முகமூடி. காற்று கசியாமல் இருக்க ராத்திரிதோறும் பசை போட்டு முகத்தில் ஒட்ட வேண்டும். மோட்டாரைப் போட்டார்கள். அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் குறட்டை நின்றது, மூச்சு சீரானது, ஆள் ஆழ்ந்து தூங்கிவிட்டார். குறைத்தால் அடைப்பு வருகிறது, கூட்டினால் போகிறது. ஸ்விட்ச் போடுகிற மாதிரி. 1981 ஏப்ரலில் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. மொத்தம் ஐந்தே நோயாளிகள். தேவைப்பட்டது 4.5 முதல் 10 செ.மீ. தண்ணீர் உயர அழுத்தம். தண்ணீர் டம்ளருக்குள் ஸ்ட்ரா விட்டு ஊதுகிற மாதிரி, அவ்வளவுதான்.

இன்று சிபாப் மெஷின் என்று விற்கிற எல்லாவற்றுக்கும் பாட்டன் அந்த மோட்டார். நடுவில் எல்லாம் சுகமாகவும் போகவில்லை. 2021-ல் பிலிப்ஸ் கம்பெனி தன் மெஷின்களுக்குள் சத்தம் குறைக்க வைத்த ஃபோம் உதிர்கிறது என்று லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டி வந்தது.

இதுவரை வந்ததெல்லாம் கடுமையான கேஸ்கள். என்னை மாதிரி பதினொன்று எப்போது நோயாளி ஆனான்? 1993-ல். விஸ்கான்சின் மாநில அரசு ஆபீஸ்களில் வேலை பார்க்கிற, 30 முதல் 60 வயது சாதாரண ஜனங்களைக் கூப்பிட்டுத் தூங்க வைத்துப் பார்த்தார் டெரி யங் என்ற அம்மையார். நோய் என்று யாரும் வரவில்லை. கிளார்க், சூப்பர்வைசர், நம்ம ஜாதி. பார்த்தால் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம் மணிக்கு ஐந்தைத் தாண்டியவர்கள். பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தவர்கள் 4 சதவீதமும் 2 சதவீதமும். அதே கூட்டத்தை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்து 2000-ல் சொன்னார்கள்: ஆரம்பத்தில் 5 முதல் 15-க்குள் இருந்தவர்களுக்குப் பின்னால் ரத்தக்கொதிப்பு இருக்கிற வாய்ப்பு, மூச்சே நிற்காதவர்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு. 15-க்கு மேல் என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. லேசு என்கிற வார்த்தையில் இருந்த ஆறுதல் போய்விட்டது. (பிற்பாடு 2009-ல் இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு, உடம்பு எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தத் தொடர்பு மங்கிவிடுகிறது என்றது. இதை முதலில் படித்திருக்கலாம்.)

நம் பக்கம் என்ன நிலவரம்? 2004-ல் பம்பாயில் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. வழக்கமான ஹெல்த் செக்கப்புக்கு வந்த 35 முதல் 65 வயது ஆண்கள் 658 பேர். என்னை மாதிரியே செக்கப்புக்கு வந்த ஆட்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே டெஸ்ட் வைத்துக் கணக்குப் போட்டதில், 19.5 சதவீதம் பேருக்கு மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேல். பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 சதவீதம். விஸ்கான்சின் ஆண்களை விட அதிகம்.

ஆனால் நாம் அவர்கள் அளவு குண்டு இல்லையே என்று நினைப்பீர்கள். அதற்குப் பதில் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரத்தில் இருக்கிறது. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட்டில் ஒரே ஒரு பக்கம் போட்டார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற போட்டோ. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்ம புனேக்காரருக்கு 21.2 சதவீதம்! அவர் மாரத்தான் ஓடுகிறவர், இவருடைய உடற்பயிற்சி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவது என்று அவர்களே கிண்டலாக எழுதினார்கள். ஒல்லியாகத் தெரிகிற இந்தியனுக்குள் ஒரு குண்டன் உட்கார்ந்திருக்கிறான். அப்பாவும் குண்டு இல்லை. சட்டை போட்டால் ஒல்லி, கழற்றினால் தொப்பை.

2005-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று மின்னசோட்டாவிலிருந்து. முன்பு தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, பின்னால் திடீர் இதய மரணம் அடைந்த 112 பேரின் இறப்பு நேரத்தைப் பார்த்தார்கள். ஸ்லீப் ஆப்னியா இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் நடுவில் போயிருக்கிறார்கள். இல்லாதவர்களில் 21 சதவீதம். பொதுவாக அது காலை எழுந்த பிறகு அதிகம் நடக்கிற சமாசாரம். 'புண்ணியவான்' என்ற வார்த்தை அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இன்னொன்று ஸ்பெயினிலிருந்து. ஆண்களைப் பத்து வருடம் தொடர்ந்தார்கள். வைத்தியம் செய்யாத கடுமையான கேஸ்களில் மாரடைப்பும் பக்கவாதமும் தெளிவாக அதிகம். மெஷின் போட்டவர்களுக்கு அப்படி இல்லை. லேசு, நடுத்தரக்காரர்களுக்கு, வைத்தியம் இல்லாவிட்டாலும், அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. அப்பாடா.

அப்படியென்றால் மெஷின் போட்டால் இதயம் காப்பாற்றப்படும் என்றுதானே எல்லோரும் எதிர்பார்த்தார்கள்? 2016-ல் சேவ் என்ற பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. ஏழு நாடுகள், இந்தியாவும் அதில் உண்டு. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேர், நடுத்தரமும் கடுமையுமான ஆப்னியா. சீட்டுக் குலுக்கின மாதிரி பாதிப் பேருக்கு மெஷின், பாதிப் பேருக்கு இல்லை. சராசரியாக 3.7 வருடம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் வித்தியாசம் இல்லை. குறட்டை குறைந்தது, பகல் தூக்கம் குறைந்தது, மனசு தெளிவானது. இதயம் மட்டும் அசையவில்லை.

ஏன்? ஒரு காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. மெஷின் கிடைத்தவர்கள் அதை மாட்டிக்கொண்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம். நாலு மணிக்கு மேல் ஒழுங்காக மாட்டியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பக்கவாதம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை கம்மி. தவணையை ஒழுங்காகக் கட்டுகிற ஆள் மற்ற எல்லாவற்றிலும் ஒழுங்காகத்தான் இருப்பான், பி.பி. மாத்திரை உட்பட. இன்னொன்று, பகலில் ரொம்பத் தூங்கி வழிகிறவர்களை இந்த மாதிரி பரிசோதனையில் மெஷின் இல்லாமல் விட்டுவைப்பது நியாயமில்லை என்று முதலிலேயே சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். பலன் அதிகம் கிடைக்கக்கூடியவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

நம் நாட்டுக் கணக்கிலும் ஒரு அடி விழுந்தது. டெல்லியில் 86 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று, மூன்று மாதம் மெஷின் போட்டால் பி.பி., கொழுப்பு எல்லாம் இறங்குகிறது என்று 2011-ல் உலகின் முதல் வரிசைப் பத்திரிகையில் வந்தது. 2013-ல் அது திரும்பப் பெறப்பட்டது. இன்றைக்கும் அதைப் பழைய கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருப்பதைப் பார்க்கலாம். லோன் பேப்பரில் ரத்தான பத்திரத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

எல்லா ஆய்வையும் கூட்டிப் பார்த்தால் மெஷினால் பி.பி. இறங்குவது சராசரியாக 2, 3 புள்ளிதான். ஒரு மாத்திரை அதைவிட அதிகம் இறக்கும்.

லேசானவர்களை மட்டும் வைத்து நடந்த நல்ல பரிசோதனைகளில் ஒன்று மெர்ஜ். பிரிட்டனில், 2020-ல் வெளிவந்தது. மூன்று மாதம் மெஷின் போட்டவர்களுக்குச் சோர்வு குறைந்தது, உற்சாகம் கூடியது. மூன்று மாதத்தில் இதயத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அவர்களும் சொல்லவில்லை.

அண்ணே, இதுவரைக்கும் உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்: லேசான ஆப்னியாவுக்கு மெஷின் போட்டால் மாரடைப்பு தள்ளிப்போகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. போட்டால் பகல் பொழுது தெளியும். சோர்வு இருக்கிறவன் போடலாம், இல்லாதவன் யோசிக்கலாம்.

ஆனால் மெஷினோடு கதை முடியவில்லை. வில்லியம் டாஃப்ட் என்று ஒரு அமெரிக்க ஜனாதிபதி, 1909 முதல் 1913 வரை. பெருத்த உடம்பு, கூட்டத்தில், விருந்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். பி.பி. பயங்கரம். அவருக்குக் கடுமையான ஆப்னியா இருந்திருக்க வேண்டும் என்று ஒரு டாக்டர் பழைய ஆவணங்களைத் தோண்டி 2003-ல் எழுதினார். பதவி போன ஒரு வருடத்துக்குள் டாஃப்ட் 60 பவுண்டுக்கு மேல், அதாவது 27 கிலோவுக்கு மேல், குறைத்தார். தூக்க வியாதி போய்விட்டது. 1921-ல் தலைமை நீதிபதி ஆகி 1930 வரை வாழ்ந்தார். மெஷின் கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலம் அது.

விஸ்கான்சின்காரர்களும் இதை அளந்தார்கள். எடை 10 சதவீதம் ஏறினால் ஏ.ஹெச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறுகிறது. 10 சதவீதம் இறங்கினால் 26 சதவீதம் இறங்குகிறது. பின்லாந்தில் லேசான ஆப்னியா உள்ள குண்டர்கள் 72 பேரை மட்டும் வைத்து 2009-ல் ஒரு ஆய்வு. சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து, பழக்கத்தை மாற்றி, ஒரு வருடத்தில் சராசரியாகப் பத்துக் கிலோவுக்கு மேல் இறக்கிய கூட்டத்தில் 63 சதவீதம் பேருக்கு நோயே இல்லாமல் போய்விட்டது. சும்மா அறிவுரை மட்டும் கேட்ட கூட்டத்தில் 35 சதவீதம். என் டாக்டரம்மா நாலு வார்த்தையில் சொன்னதும் இதுதான்: "பஹிலே வஜன் கமி கரா." முதலில் எடையைக் குறையுங்கள்.

மற்றபடி தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிற பல் கருவி உண்டு. மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு அடைக்கிறவர்களுக்கு பனியன் முதுகில் டென்னிஸ் பந்து தைத்து வைக்கிற பழைய வைத்தியம் உண்டு. பிரேசிலில் 2009-ல் நாக்கு, தொண்டைப் பயிற்சி மூன்று மாதம் செய்தவர்களுக்கு 22 சுமார் 14 ஆகக் குறைந்தது. சுவிட்சர்லாந்தில் 2006-ல் 25 பேருக்கு டிட்ஜெரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி ஊதுகுழலைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள், நாலு மாதத்தில் குறைந்தது. இரட்டைச் சீவாளி வைத்த ஊதுகருவிக்காரர்களுக்கு ஆப்னியா ஆபத்து குறைவு என்று 2012-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. இரட்டைச் சீவாளி என்றால் நம்ம நாதஸ்வரம்! கழுகுமலைக் கோயிலில் வாசிக்கிறவரை யாராவது அளந்து பாருங்கப்பா.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். மூன்று மணி நேரத்தில் தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருப்பேன். சேவ் ஆட்களைக் கேலி செய்த வாய் மூடிக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். காலையில் தானோரி பக்கம் ஒரு மணி நேர நடை. முதுகில் தலையணை முட்டுக்கொடுத்து ஒருக்களித்துப் படுக்கை. பி.பி.க்கு ஒரு சின்ன மாத்திரை. 82 கிலோ, ஏழு மாதத்தில் 75. மறுபடி டெஸ்ட் எடுத்தேன், 6. இன்னும் நார்மல் இல்லை. தங்கமணி மட்டும் ஹாலிலிருந்து பெட்ரூமுக்குத் திரும்பிவிட்டாள்.

இதையெல்லாம் எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன் மதினிக்கு போன் போட்டேன். அண்ணன் எதற்கு இவ்வளவு அக்கறையாகக் கேட்டார் என்று சந்தேகம். மதினி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, தூத்துக்குடி ரோட்டுல போன மாசம் வண்டி ஓட்டும்போது கண்ணசந்துட்டாவ. டிவைடர்ல உரசி நின்னுச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாவ" என்றார்.

ராத்திரி பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் நாலு நிமிட ஆடியோ வந்தது. அப்பாவின் அதே குறட்டை. நடுவில் சத்தம் நின்றதும் வாட்ச்சைப் பார்த்தேன். 38 நொடி. அடுத்தது 41.

அண்ணே, உங்களுடையது லேசு இல்லை. நான் மேலே எழுதின சந்தேகமெல்லாம் எனக்கு, உங்களுக்கு இல்லை. மதுரையில் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெஸ்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மதினியும் கூட வருகிறார்கள். பஸ்ஸில் போங்க, நீங்க வண்டி ஓட்ட வேண்டாம்.